வெயிலில் வரும் அப்பா

"வீல்" என்ற அந்த அழுகை, மழலையர் பள்ளியின் மரவேலி கண்ணில் படுவதற்கு முன்பே ஹால்வரின் காதில் விழுந்துவிட்டது.

யார் பிள்ளை என்று எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. அவன் மகள் ரக்னாதான். வானம் வெளுத்து வெயில் காயத் தொடங்கிய இந்த ஒரு வாரமாக, அவனுடைய பழைய காரின் சத்தம் கேட்டாலே ஆரம்பித்துவிடுகிறாள்.

வாசல் கதவைத் தள்ளினான். மணலில் விளையாடிக்கொண்டிருந்த நாலு வயசு ரக்னா எழுந்து நின்று அலறினாள்.

"போப்பா! இங்க வராதே! காருக்குள்ளயே இரு!"

தன் பையனுக்குப் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த ஒரு தாய் நிமிர்ந்தாள். ஹால்வரின் காட்டுத் தாடியைப் பார்த்தாள். மழைக்கோட்டுக்கு வெளியே நீண்டிருந்த தடித்த கைகளைப் பார்த்தாள்.

"வீட்ல என்ன பண்றாரோ, பாவம் அந்தப் பொண்ணு" என்றாள் பக்கத்திலிருந்தவளிடம். குரலைத் தாழ்த்தவும் இல்லை.

ஹால்வர் விறுவிறுவென்று உள்ளே போனான். உலர்த்தும் அலமாரியைத் திறந்து, மகளின் ஈரத் துணிகளைப் பையில் திணிக்க ஆரம்பித்தான். ரொட்டி டப்பா. ஒரு கையுறை. அப்போது ஆசிரியை சிசெல் கதைப் புத்தகத்தோடு வந்தாள். பையைக் கீழே போட்டான்.

"சிசெல், இந்த மலைப்பூதக் கதையெல்லாம் எப்ப நிறுத்தப் போறீங்க?"

"எந்தக் கதை?"

"எல்லாமேதான். ஒருத்தன் பூதத்தோட வயித்தைக் கிழிக்கிறான். இன்னொருத்தன் தலையைச் சீவுறான். ஒண்ணு வெயில் பட்டுக் கல்லாப் போகுது. சின்னப் புள்ளைங்களுக்குச் சொல்ற கதையா இது?"

"நார்வேல பூதக் கதை கேக்காம எந்தக் குழந்தை வளர்ந்திருக்கு? நீங்களும் கேட்டவர்தானே?"

"கேட்டேன். ஏழு வயசு வரைக்கும் படுக்கையை நனைச்சேன்."

சிசெலுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.

"ராத்திரி பூரா மீன் ஆலைல நிக்கிறேன். பகல்ல கறுப்புத் திரையை இழுத்து விட்டுட்டுத் தூங்கறேன். எம் பொண்ணை நான் பார்க்கறதே இந்தக் கூட்டிட்டுப் போற நேரத்துலதான். அதுலயும் என்னைக் கண்டா அலறுறா." அவன் குரல் இறங்கியது. "இந்தத் தாடி, இந்த உடம்பு... நான்தான் பூதம்னு நினைச்சுட்டா சிசெல்."

"குளிர்காலத்துலேருந்து இதே கதைகளைத்தான் சொல்றேன். அப்பல்லாம் உங்க கழுத்தைக் கட்டிக்கிட்டுத்தானே போனா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. புத்தகத்தைக் கொடுங்க." பிடுங்கிக்கொண்டான். "நாளைக்குப் பெற்றோர் கூட்டத்துல இதை வெச்சுத்தான் பேசப் போறேன்."

அப்போதுதான் அழுகை நின்றிருந்ததைக் கவனித்தான்.

ரக்னா அவன் பின்னாலேயே வந்திருந்தாள். இரண்டு கைகளாலும் கதவைத் தள்ளி, வெளிச்சம் வராமல் சாத்தினாள். அவன் கையைப் பிடித்து, கட்டை விரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக அமுக்கிப் பார்த்தாள். சுண்டு விரலை வாயில் வைத்து ஒரு கடி கடித்தாள்.

"ஆ! என்னடி பண்றே?"

"மெத்துனுதான் இருக்கு" என்றாள் சிசெலிடம். "இன்னும் கல்லாகல."

ஹால்வர் அப்படியே மண்டியிட்டான். "யாரு குட்டி கல்லாகல?"

"நீதான். மழைல வந்தாப் பரவால்ல. வெயில்ல வரக் கூடாது. தினம் கத்துறேன், கேக்கவே மாட்டேங்கறே!" மறுபடி கண் நிறைந்தது.

"அது கதைடா. சிசெல் சும்மா சொல்ற கதை. கதையில வர்ற பூதம்தான் கல்லாகும். அப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது."

ரக்னா தலையை ஆட்டினாள்.

"சிசெல் உன்னைப் பத்தி ஒண்ணுமே சொல்லல. நீதான் சொன்னே. அன்னிக்கு நீ தூங்கறப்ப நான் திரையைத் திறந்தேன்ல? 'மூடித் தொலை, வெளிச்சம் பட்டா செத்தே போயிடுவேன்'னு கத்தினியே!"

ஹால்வர் புத்தகத்தைச் சிசெலின் கையில் திரும்ப வைத்தான்.

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நார்வேயின் வடகோடியில், இன்னும் இரண்டு மாதத்துக்கு ராத்திரியிலும் மறையாத வெயில். அவன் தன் மழைக்கோட்டின் தொப்பியை, முகத்தில் வெயில் படாதபடி நெற்றிவரை இழுத்து விட்டுக்கொண்டான். பிறகு குனிந்து, இன்னொரு கையுறையைத் தேட ஆரம்பித்தான்.