சுதர்ஷினி எடுத்துப் போனது

"எனக்குப் பிரியாவிடை விருந்தெல்லாம் வேணாம் சார். இங்க என்னோட பொருள் ஒன்னு கெடக்கு. அத மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிடுறேன்."

சுதர்ஷினி இப்படிச் சொன்னதும் அலுவலகத்தில் எல்லோர் கையிலும் தேத்தண்ணி ஆறிப்போனது.

பண்டாரவளைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தொழிற்சாலைக்கு விறகிலிருந்து விளக்குமாறு வரை வாங்கிப் போடுவது அவள் வேலை. இல்லை, வேலையாக இருந்தது. போன மழைக்கு முன்னால் கொழும்பிலிருந்து ஒரு மெஷின் வந்தது. மெஷின் என்றால் இரும்பு அல்ல; கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கும் ஒன்று. அதுவே வியாபாரிகளுக்கு மெசேஜ் அனுப்பும், விலை பேசும், லொறியை வரச் சொல்லும். முக்கியமாக, சம்பளம் கேட்காது.

மனேஜர் அஜந்தனுக்கு அதன்மேல் அப்படியொரு பெருமை. பெற்ற பிள்ளை பாஸ் பண்ணியிருந்தால்கூட இவ்வளவு பேசியிருக்க மாட்டார். விறகு வியாபாரி ஜௌபர் லேசில் இறங்கி வருகிற மனுசன் இல்லை; அவரே மெஷினுக்கு "சரி தங்கச்சி" என்று பதில் போடுகிறாராம். மெஷின் அத்தனை பணிவாம். வருவோர் போவோரிடமெல்லாம் இதே கதைதான்.

சுதர்ஷினியின் முறை வேறு. ஜௌபரின் உம்மா மௌத்தானபோது, தொழிற்சாலையிலிருந்து அந்தச் சாவு வீட்டுக்குப் போன ஒரே ஆள் அவள். மொனராகலையிலிருந்து ரப்பர் விறகு ஏற்றிவந்த லொறி சறுக்கி, டிரைவர் பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தோடம்பழத்தோடு போய் நின்றாள். மழை நாளில் போன் எடுத்தால், ரோட்டில் மண் சரிந்திருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பாள். விறகுப் பேச்சு அதற்குப் பிறகு.

இதெல்லாம் ஒரு வேலையா என்று அஜந்தன் கேட்டார்.

"இதுதான் சார் வேல. வெல பேசுறது மிச்ச நேரத்துல."

அந்த வாய்தான் அவருக்குப் பிடிக்கவில்லை. மாத முடிவோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

அதற்கு நடுவில்தான் பெருநாள் வந்தது. ஜௌபர் வீட்டிலிருந்து ஒரு சட்டி வட்டிலப்பம், சுதர்ஷினி பேருக்கு. விறகு வாங்குவதை நிறுத்திய ஆளுக்கு எதற்கு வட்டிலப்பம்? நன்றாக வழித்துச் சாப்பிட்ட பிறகு கிளார்க் கலாராணிக்கு இந்தச் சந்தேகம் வந்தது. பழைய கமிஷனாக இருக்கும் என்று நாலு பேர் காதில் போட்டும் வைத்தாள். சுதர்ஷினியோ வாயில் வைக்கவில்லை. நன்றி சொல்ல வெளியே போய் ஜௌபருக்கு போன் எடுத்தவள், முகம் சிவந்து திரும்பி வந்தாள்.

மறுநாள் மாதக் கடைசி. அன்றுதான் இந்தப் 'பொருள்' பேச்சு.

பொருள் என்றால் எது? மேசை ஃபேனா, சுடுதண்ணிப் போத்தலா, ஜன்னலோரத்து மணி பிளாண்டா? கலாராணிக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"ஒங்க பொருள்னா தாராளமா எடுத்துக்கோங்க" என்றார் அஜந்தன்.

"எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டீங்க. பேச்சு மாறக் கூடாது சார்."

சொல்லிவிட்டு, மெஷின் இருந்த கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து எதையோ தட்டினாள். எழுந்தாள். குடையை எடுத்தாள். நடந்தாள். வழியனுப்பும் சாக்கில் கேட் வரை போன கலாராணி கைப்பையையும் எட்டிப் பார்த்துவிட்டாள். சோற்றுப் பெட்டிதான் இருந்தது. ஃபேன் அதன் இடத்தில், மணி பிளாண்ட் அதன் இடத்தில்.

"சும்மா வீராப்புக்குப் பேசிட்டுப் போறா" என்று திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னாள்.

அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. கொழுந்து வந்து குவிகிறது. காயவைக்கும் அடுப்புக்கோ விறகு அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. மெஷின் வழக்கம்போல் பணிவாக மெசேஜ் அனுப்பியது. "சரி தங்கச்சி" வரவில்லை. லொறியும் வரவில்லை. அடுப்பு அணைந்தால் அத்தனை கொழுந்தும் குப்பை. கொழும்புக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அஜந்தன். வேறு வழியில்லாமல் அவரே ஜௌபருக்கு போன் எடுத்தார். கலாராணி ஃபைல் தேடும் சாக்கில் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்த மெசேஜா சார்? யாரு எவருண்டு தெரியாம, இந்த மழையில நான் எப்பிடி லொறிய அனுப்புற? போன மாசம் வரைக்கும் அடியில சுதர்ஷினிண்டு பேர் போட்டுத்தானே வந்திச்சி. அந்தத் தங்கச்சி கேக்குதேண்டுதான் வெலயும் கொறச்சேன், மண்ணு சரிஞ்ச ரோட்டுலயும் லொறிய ஏத்தினேன்."

வெறுங்கையோடு கேட்டைத் தாண்டியவள் எடுத்துப் போனது எது என்று கலாராணிக்கு அப்போதுதான் விளங்கியது.

அஜந்தன் சுதர்ஷினிக்கு போன் எடுத்தார். குரல் மெஷினைவிடப் பணிவாக இருந்தது. அந்தப் பேரை மட்டும் பழையபடி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"அது தனியா வராது சார்" என்றாள் சுதர்ஷினி. "ஆளும் சேந்துதான் வரும்."