டீசல் குடிக்கிற சக்களத்தி

ஒரு இரும்பு மேல போய் யாராவது பொறாமைப்படுவாளான்னு கேக்கறியே, நீ வாத்தியார் பெண்டாட்டியைப் பார்த்ததில்லை, அதான் கேக்கறே. இன்னொரு பொம்பளை இருந்தாத்தான் பொறாமை வரும்னு யார் சொன்னது? அவளோட எதிர்வீட்டு டெய்லர் பெண்டாட்டி ஒரு கிளியைப் பார்த்து வயிறெரிஞ்சா. கிளி கூப்பிட்டா அந்த மனுஷன் மெஷினை நிறுத்திட்டு ஓடுவார், இவ கூப்பிட்டா காதே கேக்காது. ஒருநாள் கூண்டு தொறந்து கிடந்துச்சு. தொறந்தது யாருங்கறது தனிக்கதை, அதை விடு.

வாத்தியார்கிட்ட ஒரு பாய்மரப் படகு இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா கிளம்பிடுவார். காத்து இருந்தா பாய், இல்லேன்னா என்ஜின். துறைமுகத்துக்குள்ள நுழையறப்போ எப்பவும் என்ஜின்தான். வாங்கும்போதே அந்த என்ஜின் பழசு. அதுக்கு அவர் வெச்ச பேரு, கிழவி.

அங்கேதான் வாத்தியார் பெண்டாட்டிக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

இவளுக்குத் தலைவலின்னா மாத்திரை டப்பா இருக்கற அலமாரியைக் கை காட்டுவார். கிழவி ரெண்டு தடவை இருமினா அவருக்குச் சாப்பாடு இறங்காது. பொண்ணு பொறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவரை, கையெல்லாம் கிரீஸா இருக்கு, குழந்தையைத் தொடாதீங்கன்னு நர்ஸ் விரட்டினதை இவ இன்னும் மறக்கலை. இவ ஆசையா வாங்கி வெச்ச மெத்து மெத்துன்னு ஒரு துண்டு காணாம போச்சு. தேடினா, படகுல கிழவி மேல போர்த்திக் கிடக்கு. ஏங்கன்னு கேட்டா, உப்புக் காத்து, பாவம்ங்கறார்.

சாயங்காலம் படகு அலைத் தடுப்புச் சுவரைச் சுத்தி வரும்போதே டொக்கு டொக்குன்னு சத்தம் மேட்டுல இருக்கற இவங்க வீட்டு அடுப்படி வரைக்கும் வரும். வந்துட்டா பாரு கிழவி, ஊரைக் கூட்டிக்கிட்டுன்னு முணுமுணுத்துக்கிட்டே காபிக்கு அடுப்பைப் பத்த வைப்பா.

ஒரே ஒரு தடவை என்ஜின் மக்கர் பண்ணி, வெறும் பாயிலேயே சத்தமில்லாம வந்து சேர்ந்தார். அன்னைக்கு இவ கொட்டற மழையில அந்தச் சுவர் மேல நின்னுட்டிருந்தா. என்னடி இங்கேன்னு கேட்டதுக்கு, காயப்போட்ட துணி எடுக்க வந்தேன்னா. துணி காயறது வீட்டுக் கொல்லைப்புறத்துல. அதைப் பத்தி ரெண்டு பேரும் அப்புறம் பேசினதே இல்லை.

இந்த வருஷம் கிழவிக்கு முடியலை. புகையா கக்குது. கைப்பிடியைச் சுத்திக் கிளப்பறதுக்குள்ள வாத்தியாருக்குக் கை விட்டுப் போகுது. மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மெக்கானிக் வேற யாருமில்லை, இவளோட கூடப்பிறந்த தம்பி.

அவன் கழட்டிப் பார்த்துட்டு ரெண்டு வழி சொன்னான். ரிங், வால்வு, பம்ப்புன்னு தேய்ஞ்சதையெல்லாம் மாத்தி ஓவராயில் பண்ணினா இன்னும் ரொம்ப வருஷம் ஓடும். இல்லையா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம். சுவிட்சைத் தொட்டா கிளம்பிடும், பக்கத்துல உக்காந்தாக்கூட ஓடறது தெரியாது.

"ஓவராயிலே பண்ணிடு மச்சான்"னார் வாத்தியார். யோசிக்கவே இல்லை.

இவ தம்பியை அடுப்படிக்குள்ள இழுத்துக்கிட்டுப் போனா.

"என்ஜின் பிளாக்ல விரிசல் விட்டுப்போச்சு, ஓவராயில் தாங்காதுன்னு சொல்லு."

"விரிசலே இல்லையேக்கா."

"உன்னை இடுப்புல தூக்கி வளர்த்தவ சொல்றேன். இந்த வீட்டுல நான் இருக்கணுமா, அவ இருக்கணுமா?"

"அவ டீசல் குடிக்கறா, நீ காபி குடிக்கறே. உங்களுக்குள்ள என்னக்கா சண்டை?"

"சிரிக்காதே. போய்ச் சொல்லு."

சொன்னான், சுவத்தைப் பார்த்துக்கிட்டே. மச்சான் பொய் சொல்வான்னு வாத்தியாருக்கு எதுக்குத் தோணணும்? ரொம்ப நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டிருந்தார். அப்புறம், சரி, புதுசுக்கே ஏற்பாடு பண்ணுன்னுட்டார். இவளுக்கு அன்னைக்குச் சமையல்ல உப்பு உறைப்பெல்லாம் தானா அமைஞ்சு வந்துச்சு.

கிழவியைக் கழட்டியாச்சு. புதுசை மறுநாள்தான் படகுல இறக்கணும். பழைய இரும்புக் கடைக்குப் போற வழியில தம்பி அக்கா வீட்டு வாசல்ல வண்டியை நிறுத்தினான். பார்த்தா, கிழவி மேல அதே துண்டு. இதையாவது குடுன்னு வெடுக்குன்னு உருவிக்கிட்டு உள்ளே வந்தா. காபியைக் குடுத்துட்டுக் கேட்டா:

"எப்படி இருந்தாரு? அழுதாரா?"

"அழலை. ஒண்ணே ஒண்ணு கேட்டார். புது என்ஜின்ல சைலன்சரைக் கழட்டிட்டா பழசு மாதிரி சத்தம் வருமான்னார்."

"போனவளோட குரல்கூட வேணுமாமா அவருக்கு?"

"அவருக்கில்லையாம்." தம்பி காபியை ஆத்திக்கிட்டே சொன்னான். "சத்தம் கேட்டாத்தான் உங்கக்கா நிம்மதியா அடுப்பைப் பத்த வைப்பா, கேக்கலேன்னா மழையில சுவர் மேல வந்து நிப்பான்னார். இல்லேன்னா எப்பவோ புதுசு வாங்கியிருப்பாராம்."

இவ கையில இருந்த துண்டை மடிச்சா. பிரிச்சா. மறுபடி மடிச்சா.

"புதுசு வேண்டாம்னு சொல்லிடு."

"அத்தான்கிட்ட விரிசல்னு சொல்லித் தொலைச்சேனேக்கா."

"அதை நான் சொல்லிக்கறேன்."

வாசலுக்கு வந்தா. தூறல் போட ஆரம்பிச்சிருந்துச்சு. வண்டியில ஏறி, துண்டை விரிச்சு நாலு பக்கமும் இழுத்துப் போர்த்திவிட்டா.

"காபி அப்புறம் குடிக்கலாம், எழுந்து வாடா. வயசானவளை இப்படியா மழையில நிறுத்தி வைக்கறது? உள்ளே கூட்டிட்டு வா."