நீதானே எழுதினாய்

"நீதானே இதை எழுதினாய்?" என்று கணினியில் தட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள் தராசு மிஸ்.

"ஆம், இதை எழுதியது நான்தான்" என்றது கணினித் திரை. கண்ணை மூடித் திறக்கிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. பக்கத்து நாற்காலியில் இருந்த கணக்கு சாரைத் திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களா, அதுவே ஒத்துக்கிச்சு" என்றாள்.

தராசு என்பது பிள்ளைகள் வைத்த பெயர். யாருக்காகவும் அரை மதிப்பெண் கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். அந்தப் பெயர் காதில் விழும்போது கோபப்படுவது போல முகத்தை வைத்துக்கொள்வாள். உள்ளுக்குள் அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை.

அன்று பள்ளிக் கணினி அறையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி. செயற்கை நுண்ணறிவைப் பிள்ளைகள் ஒழுங்காகப் பயன்படுத்த எப்படி வழிகாட்டுவது என்று சொல்லிக்கொடுக்க, வெளியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். சந்தேகத்துக்கு இடமான ஒரு வீட்டுப்பாடத்தைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தாள்.

முப்பது பேரும் பிள்ளைகளின் நாற்காலிகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் அந்தத் திரையை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தராசு மிஸ் கொண்டுவந்தது ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் கட்டுரை. தலைப்பு 'ஓசை'. மற்றவர்கள் இடி, மழை, ரயில் என்று எழுதியிருக்க, இவள் பூட்டைப் பற்றி எழுதியிருந்தாள்.

'யார் வருகிறார்கள் என்று கதவு திறக்கும் முன்பே சாவி சொல்லிவிடும். களைத்துப்போன கை இரண்டு முறை பூட்டைத் தவறவிடும். மூன்றாவது முறைதான் சாவி உள்ளே போகும். அந்த இரண்டு தவறுக்குள் நான் எழுந்து நின்று, முகத்தைச் சிரிப்பாக மாற்றிக்கொள்வேன்.'

பன்னிரண்டு வயதில் இப்படி எழுத வருமா? வரவே வராது என்று அங்கேயே முடிவுகட்டி, பூஜ்யம் போட்டு, அடியில் சிவப்பு மையில் இரண்டு வரி எழுதிவிட்டாள். திங்கட்கிழமை அது தலைமையாசிரியர் மேசைக்குப் போகும். இயந்திரத்தை எழுதவைத்து ஏமாற்றிய முதல் ஆள் என்று பள்ளியில் அந்தப் பெண்ணின் பெயர் நிற்கும்.

"நான்தான் மிஸ் எழுதுனேன்" என்று அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

வேறு எந்தப் பிள்ளையாக இருந்தாலும் தனியாகக் கூப்பிட்டு இன்னொரு தரம் கேட்டிருப்பாள். இவளை மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆசிரியர் அறையில் என்ன பேசிக்கொள்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

பயிற்சி கொடுக்க வந்தவள் பின்னால் வந்து நின்று திரையைப் படித்தாள்.

"டீச்சர், நீங்க கைப்பட எழுதினது ஏதாவது இருக்கா? அதையும் போட்டு, இதே கேள்வியைக் கேளுங்க."

கையில் இருந்தது அந்த இரண்டு சிவப்பு வரிதான். அதைத் தட்டினாள்.

'இது உன் உழைப்பு இல்லை. நேர்மை இல்லாத எழுத்துக்கு என் வகுப்பில் இடம் இல்லை.' நீதானே இதை எழுதினாய்?

"ஆம், இதை எழுதியது நான்தான்."

கணக்கு சார் இருமுவது போலச் சிரிப்பை விழுங்கினார். பிறகு அவருக்கும் ஆசை வந்து, மனைவி எழுதிக்கொடுத்த கடைச் சீட்டைப் போட்டுப் பார்த்தார். பருப்பு அரைக் கிலோ, சோப்பு இரண்டு. அதையும் நான்தான் எழுதினேன் என்றது.

"அது வேணும்னு பொய் சொல்லலை. யார் எழுதினதுன்னு அதுக்குத் தெரியாது" என்றாள் வந்தவள். "நாம 'நீதானே'ன்னு கேட்டா, ஆமான்னு தலையாட்டிடும்."

அறையே சிரித்தது. தராசு மிஸ்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த இயந்திரம் எழுதவில்லை என்றால்?

கட்டுரையை எடுத்து மறுபடி படித்தாள். கையில் சிவப்புப் பேனா இல்லாமல் அதைப் படிப்பது இதுதான் முதல் தடவை. இரண்டாவது வரியிலேயே உடம்பு சிலிர்த்துப் போனது.

காலையிலிருந்து திரையைப் பார்த்து அடைந்த வியப்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு சின்னப் பெண் இதை எழுதியிருக்கிறாள். எத்தனை மாலைகள் கதவுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாளோ.

பூஜ்யத்தை அடித்தாள். அதற்குப் பதில் என்ன போடுவதென்று பிடிபடவில்லை. ஆசிரியர் வேலைக்கு வந்த பத்தொன்பது வருடத்தில் இப்படி மலைத்து உட்கார்ந்ததில்லை.

பயிற்சி முடிந்து, கூட்டத்தில் இடிபட்டு, பேருந்தில் முழுத் தூரமும் நின்றுகொண்டே வந்து, வீட்டு வாசலில் பையைத் துழாவிச் சாவியை எடுத்தாள்.

சாவி பூட்டின் விளிம்பில் உரசி வழுக்கியது.

மறுபடி வைத்தாள். மறுபடியும் தவறியது.

மூன்றாவது முறைக்குக் கை எழவில்லை. சாவியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

கதவு உள்ளிருந்து திறந்தது.

பள்ளி வாசலுக்குள் 'அம்மா' கிடையாது, எல்லாப் பிள்ளைகளுக்கும் போல 'மிஸ்'தான் என்பது அவளே போட்ட சட்டம். மூன்று நாளாக அது வீட்டுக்குள்ளும் நடந்துகொண்டிருந்தது.

"வாங்க மிஸ்" என்றாள் மகள். முகத்தில் சிரிப்பு இல்லை.