பம்பை செட்டில் கிளாரினெட்

ஆடி வெயிலில் திண்டிவனம் ஏரிக்கரையில் பூங்கரகம் இன்னும் தரையிலேயே இருக்கிறது. சாமி வந்தால்தான் பூசாரி தேவநாதன் அதைத் தூக்குவார். பம்பை செட்டில் முகவீணை என்னும் சிறு நாயனம் ஊதுகிறவர் சினிமாவில் வாசிக்க மதராஸ் போய்விட்டார். அவர் இடத்தில், கல்யாண பேண்டிலிருந்து வந்த அருளப்பன் கிளாரினெட்டோடு நிற்கிறார். "இந்த வெள்ளக்காரன் கொழலுக்கு ஆத்தா வருவாளா?" என்கிறார் பூசாரி. "வாசிக்கிறோம், பார்த்துக்கினே இருங்க" என்ற செட்டின் உடுக்கைக்காரர் துரைக்கண்ணு, உடுக்கையின் கயிற்றை இறுக்கி அதன் குரலைக் கிளாரினெட்டின் உயரத்துக்கு ஏற்றுகிறார். பம்பை அதிர்கிறது. கருப்புக் குழல் கூவிக்கொண்டே மேலே போகிறது. மஞ்சள் தண்ணீர் சொட்டும் வேட்டிக்குள் பூசாரியின் முழங்கால்கள் நடுங்குகின்றன. கரகம் தலைக்கு ஏறுகிறது. "என்னா வேணும் தாயே?" என்று கற்பூரத் தட்டோடு கூட்டத்திலிருந்து முன்னால் வந்து கேட்கிறாள் ஊர்க்காரி கெங்கம்மாள். பூசாரியின் வேப்பிலைக் கை அருளப்பன் பக்கம் நீள்கிறது. "அத்த நிறுத்தாம ஊதச் சொல்லு."