கடைசி பஸ்

"போலிச் சரக்கை என் தலையில கட்டிட்டீங்கண்ணே!"

தூக்கி வந்த சிபியுவை மெக்கானிக்கின் மேசைமேல் தொம்மென்று வைத்தாள் அவள். மூச்சு வாங்கியது. கடையில் நின்றிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தது அவளுக்கு.

"முதல்ல உக்காரும்மா. என்ன ஆச்சு?"

"இந்தப் புது எஸ்எஸ்டி டிஸ்கைப் போட்டா கேம் கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள லோடாகும்னு சொன்னீங்கல்ல? ஒரே ஒரு வாரம் ஆச்சு. இப்ப பழைய குருடி கதவைத் திறடின்னு நிக்குது. நேத்து அப்பா குடுத்த டீயைக் குடிச்சு, எங்கக்கா குழந்தை குப்புற விழுந்த கதையை முழுசா கேட்டு முடிச்சுட்டேன். அப்பவும் அந்த லோடிங் வட்டம் சுத்திக்கிட்டேதான் இருக்கு!"

அவளுடைய அணியில் ஐந்து பேர். மற்ற நாலு பேரும் களத்தில் இறங்கி நல்ல இடமாகப் பார்த்துப் பதுங்கிய பிறகுதான் இவள் போய்ச் சேருவாள். அதற்குள் எதிரி சுட ஆரம்பித்திருப்பான். 'கடைசி பஸ்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கேலியாக இருந்தவரை பரவாயில்லை. நேற்று கேப்டன் சிரிக்காமல் பேசினான்.

"நாளைக்கு சாயங்காலம் போட்டிக்கு செலக்‌ஷன். இன்னொரு தடவை லேட்டா வந்தேன்னா, தப்பா நினைக்காத, வேற ஆளைப் போட்டுருவோம்."

இரவெல்லாம் அவளுக்குத் தூக்கம் இல்லை. கூரியர் ஆபீசில் நாள் முழுக்கப் பார்சலுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவள் அவள். 'நீ கில்லாடி' என்று யாராவது சொல்லுகிற ஒரே இடம் அந்த அணிதான். அதுவும் போய்விட்டால் அப்புறம் ஸ்டிக்கர்தான் மிச்சம்.

மெக்கானிக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. மூடியைக் கழற்றிக்கொண்டே பொரிந்தார்.

"போலியா? நானா? உங்க வீட்டுக்கு வந்து மாட்டுனப்ப உங்கப்பாதான டார்ச் பிடிச்சாரு? கேள்வி கேட்டே என் தொண்டையை வத்த வச்சுட்டாரு மனுஷன். கேமை ஒரு டிஸ்குலேர்ந்து இன்னொண்ணுக்கு எப்படி மாத்தறதுன்னு ரெண்டு தடவை செஞ்சு காட்டுனேன். அவர்கிட்டயே கேளு, ஒரிஜினலா இல்லையான்னு!"

ஒரு மானிட்டரில் செருகி ஓடவிட்டார். எஸ்எஸ்டி கல்லுக்குண்டு மாதிரி நன்றாகவே இருந்தது. திரையைப் பார்த்தவர் புருவத்தை உயர்த்தினார்.

"அட, இங்க பாரு. உன் கேம் எஸ்எஸ்டியில இல்லவே இல்ல. பழைய ஹார்ட் டிஸ்குல உக்காந்திருக்கு."

"அதெப்படி? தானா போயிடுச்சா?"

"கால் முளைச்சு நடந்தா போகும்? உங்க வீட்டுல யாரோதான் மாத்தியிருக்காங்க."

அவளுக்குச் சுருக்கென்றது. புதுசு போட்டாயிற்றே என்ற தெம்பில் கேம் எந்த டிஸ்கில் இருக்கிறதென்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வேறு யார், தம்பிதான். 'படம் வைக்க இடமில்ல, இடமில்ல' என்று ஒரு மாதமாகப் புலம்புகிறான். மெக்கானிக்கிடம் அரைகுறையாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, சிபியுவை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு பறந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேமை எஸ்எஸ்டிக்கு மாற்றவிட்டாள். பழைய டிஸ்க் கரகரவென்று முனகியது. திரையில் பச்சைக் கோடு நத்தையாக நகர்ந்தது. இது முடிவதற்குள் ஆட்டம் ஆரம்பித்துவிட்டால் தொலைந்தது. இருக்கிற கோபத்தையெல்லாம் கட்டிலில் கிடந்த தம்பிமேல் கொட்டினாள்.

"உன் குப்பைப் படத்தைக் கொட்ட என் கேம்தான் கிடைச்சுதாடா?"

"ஐயோ, நான் தொடவே இல்லக்கா! தொட்டா நீ கையை ஒடிச்சுடுவேன்னு எனக்குத் தெரியாதா?"

"புளுகாதே! அம்மா ஊர்ல இல்லேங்கற தைரியம் உனக்கு!"

போன் அடித்தது. கேப்டன். "என்ன பஸ், வர்றியா? இல்ல, வேற ஆளைக் கூப்பிடவா?"

"வர்றேன், வர்றேன். ரெண்டே நிமிஷம்!"

நகத்தைக் கடித்தாள். வாசற்படியில் அப்பா டீயோடு வந்து நின்றார். அச்சாபீசிலிருந்து வந்து சட்டைகூட மாற்றவில்லை. அக்காவின் பிரசவத்துக்கென்று போய் நாலு மாதமாக அங்கேயே இருக்கிற அம்மா திரும்பும்வரை அடுப்படி அவருடையதுதான்.

"உங்கம்மா போன் பண்ணியிருந்தா..."

"அப்புறம்ப்பா. அங்க வச்சுட்டுப் போங்க."

அவர் வைக்கவும் இல்லை, போகவும் இல்லை. பச்சைக் கோடு முட்டிமோதி முழுசாகிவிட்டது. கேமைத் திறந்தாள். வட்டம் ஒரு சுற்றுகூடச் சுற்றவில்லை, களம் வந்து நின்றது. நாலு பேருக்கும் முன்னால் முதல் ஆளாக அவள்!

"அம்மாடி, பிழைச்சேன்!" என்று கத்தியே விட்டாள். ஹெட்செட்டைக் கையில் எடுத்துக்கொண்டு தம்பியை முறைத்தாள். "ஆட்டம் முடியட்டும், உனக்கு இருக்குடா கச்சேரி."

"அவனை ஒண்ணும் சொல்லாதம்மா," என்றார் அப்பா. "நான்தான் மாத்தி வச்சேன்."

அவளுக்கு ஒரு கணம் புரியவே இல்லை. ஹெட்செட்டைப் பிடித்தபடியே அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்களா? ஏம்ப்பா? என் இடமே போயிருக்குமே! நான் ஆடறது உங்களுக்குப் பிடிக்கலையா?"

"சேச்சே, பிடிக்காம என்ன?" அப்பா அவள் கையிலிருந்த ஹெட்செட்டையே பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, மெதுவாகச் சொன்னார்.

"அந்த வட்டம் சுத்தறப்ப மட்டும்தாம்மா, நீ அதைக் காதுலேர்ந்து கழட்டுற."