மக்கீன் வாசித்த மூன்று பாட்டுகள்

"இந்தப் பெண்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"மூன்று பேரும் செத்துப்போனார்கள், சேர்" என்றாள் சிவமணி.

"எப்படி? சண்டையிலா?"

சிவமணிக்குத் தன் அரைகுறைச் சிங்களத்தின் மேல்தான் கோபம் வந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் சங்கீதம் படிப்பிக்கிறவள் அவள். மகளிர் தின விழாவுக்குப் பாட்டுப் பழக்கக் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்ட வழியில், சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்துப் பைகளைக் கிளறியபோது அவள் பாட்டுகளை எழுதி வைத்திருந்த கொப்பி அகப்பட்டது. பக்கம் பக்கமாகத் தமிழ் எழுத்து. இது என்ன என்று கேட்டவனுக்கு, "சண்டை பிடித்த பெண்களைப் பற்றிய பாட்டு" என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். போராட்டம் என்பதற்கு அவளுக்குத் தெரிந்த சிங்களச் சொல் அது ஒன்றுதான்.

பத்து மணிக்கு பஸ்ஸிலிருந்து இறக்கிப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்தவர்கள் மத்தியானமாகியும் வாங்குப் பலகையிலேயே உட்கார்த்தி வைத்திருந்தார்கள். போன மாதம் இப்படிப் பிடிபட்ட, அவள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்த பெண் இன்னும் வீடு திரும்பவில்லை.

"மக்கீனைக் கூப்பிடு" என்றார் இன்ஸ்பெக்டர்.

வந்த கான்ஸ்டபிளுக்கு நாற்பது வயதிருக்கும். அந்த நிலையத்தில் தமிழ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"இதில் இருப்பதைச் சிங்களத்தில் சொல். ஒரு வரியும் விடாதே."

மக்கீன் கொப்பியைப் பார்த்தார். பிறகு சிவமணியின் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் கொப்பியைப் பார்த்தார்.

முதல் பாட்டு ராக்கம்மாவைப் பற்றியது. துறைமுகத்தில் நிலக்கரி சுமந்தவள். வெள்ளைக்காரன் காலத்து வேலைநிறுத்தத்தில் பொலிஸ் குதிரைகளுக்கு முன்னால் வாயிலை மறித்து நின்றவள். பொலிஸ் என்ற சொல்லே அதில் நாலு இடத்தில் வருகிறது.

"இது ஒரு தாயைப் பற்றிய பாட்டு, சேர்" என்று தொடங்கினார் மக்கீன். "விடியுமுன் எழும்பி இடியப்பம் அவித்து, கூடையைத் தலையில் வைத்து வீடு வீடாகப் போய் விற்றவள். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, எனக்குப் பசியில்லை என்று சொல்லித் தண்ணீர் குடித்துப் படுத்தவள்."

சிவமணி திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

மக்கீன் பக்கத்தைப் புரட்டினார். அது ஆறாயியின் பாட்டு. பெண்களுக்கும் சமச் சம்பளம் கேட்டுத் தோட்டத்துரையை எதிர்த்துச் சிறைக்குப் போனவள்.

"இவள் படிப்பில் கெட்டிக்காரி, சேர். தகப்பன் இறந்ததும், தம்பி படிக்கட்டும் என்று பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். தம்பிக்கு உத்தியோகம் கிடைத்தபோது இவளுக்குக் கல்யாண வயது போய்விட்டது."

சிறை சென்றவளைத் தையல்காரி ஆக்குகிறாரே என்று சிவமணிக்குப் பொறுக்கவில்லை. "அது அப்பிடியில்லை..." என்று வாயெடுத்தாள்.

"டீச்சர், கொஞ்சம் சும்மா இரிங்க" என்றார் மக்கீன், தலையை நிமிர்த்தாமல், தமிழில்.

மூன்றாவது அன்னபாக்கியம். சாதியால் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்து, அதை ஊரார் எரித்த பிறகும் மரத்தடியில் படிப்பித்தவள். அந்தப் பக்கத்துக்கு வந்ததும் மக்கீனின் குரல் தாழ்ந்தது.

"இவளுடைய புருஷனுக்கு எந்த நேரம் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாத வேலை, சேர். எங்கேயாவது குண்டு வெடித்தால், அவன் வந்து சேரும்வரை வாசலை விட்டு நகரமாட்டாள். வந்ததும் ஒன்றும் கேட்காமல் சோற்றைப் போடுவாள்."

"என் வீட்டிலும் அப்படித்தான்" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. கொப்பியை மூடிச் சிவமணியிடம் நீட்டினார். "நல்ல பாட்டுகள். போ, போய்ப் பாடு."

பஸ் நிறுத்தம் வரை மக்கீன் கூடவே வந்தார்.

"பெரிய உதவி செய்தனீங்கள்" என்றாள் சிவமணி. ஆனாலும் மனம் ஆறவில்லை. "என்னைக் காப்பாத்தத்தான் மாத்திச் சொன்னீங்கள் எண்டு விளங்குது. எண்டாலும் ராக்கம்மாவைப் போய் இடியப்பக்காரி ஆக்கிப்போட்டீங்களே. ஏற்கனவே அந்த மனிசியை எல்லாரும் மறந்துபோச்சினம்."

மக்கீன் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மாத்தல்ல டீச்சர். எனக்குத் தமிழ் கதைக்க மட்டுந்தான் ஏலும். படிச்சது சிங்களத்துல. ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியா. இன்ஸ்பெக்டர்ட்ட சொல்லிராதீங்க."

"அப்ப நீங்கள் சொன்ன அந்த மூண்டு பொம்பிளையளும் ஆர்?"

"மொதலாவது எங்கட உம்மா. ரெண்டாவது என்னப் படிக்க வெச்ச ராத்தா" என்ற மக்கீன், கொஞ்சம் வெட்கப்பட்டுத் தொப்பியைச் சரிசெய்தார். "மூணாவது என்ட பொஞ்சாதி. இதெல்லாம் அவள்ட்ட நான் ஒருநாளும் சொன்னதில்ல."