இளைத்தவரும் பெருத்தவளும்

மாமனார் இளைத்துக்கொண்டே போனார். அவரைக் கவனித்துக்கொள்ள வைத்த அன்னக்கொடி பெருத்துக்கொண்டே போனாள். இதற்கு மேல் சாட்சி எதற்கு என்று கமர்நிசாவுக்குத் தோன்றியது.

மாமனார் சவுகத் அலி ஏலக்காய் வியாபாரி; சாப்பாட்டுக்குப் பேர்போனவர். போடிமெட்டு வளைவில் ஜீப் கவிழ்ந்து கால் இரண்டும் விளங்காமல் போன பிறகும் அவருடைய பசிக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. தட்டு இப்போதும் வழித்துத் துடைத்துத்தான் திரும்பி வருகிறது. உடம்பில்தான் ஒட்டவில்லை.

"திங்கிறது யாருன்னு இன்னைக்குக் கண்டுபிடிக்கிறேன்," என்றாள் கணவனிடம்.

"இவளை வெரட்டிட்டா வேற ஆளுக்கு எங்க போறது?" என்றான் ஆரிப். "இவளுக்கு முந்தி இருந்த குரங்கணி ஊர்க்காரி மகாராணி இடுப்பு வலின்னு லீவு போட்டவ, மாசக்கணக்கா வரலை. அதுக்கு முந்தி பொன்னுமணி. அவளும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் போனா."

"இந்தப் பொம்பளைகளுக்கு இடுப்பு நல்லா வசதியா வலிக்குதுங்க. சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குற சோலிதானே?"

அந்தச் 'சும்மா'வில், ஒரு கனத்த மனிதரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் கட்டிப்பிடித்துத் தூக்கி வைப்பதும் சேர்த்தி. கமர்நிசா அதைப் பார்த்ததில்லை. சரியாக அந்த நேரத்தில்தான் அவளுக்கு அடுப்படியில் வேலை வந்துவிடும்.

அன்று வெள்ளிக்கிழமை. பிரியாணித் தட்டை அன்னக்கொடியிடம் கொடுத்தனுப்பிவிட்டு, பூனை மாதிரி பின்னாலேயே போய்க் கதவைத் தள்ளினாள்.

அன்னக்கொடியின் மடியில் தட்டு. வாயில் நல்லி எலும்பு. மாமனார் ஒரு வெள்ளரித் துண்டைக் கடித்தபடி அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டுனியா! எந்திரிக்க முடியாத மனுசன் சோத்தைத் திங்க எப்படி மனசு வந்துச்சு உனக்கு? பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பு, வெரசா!"

எலும்பைக் கீழே வைப்பதா, பதில் சொல்வதா என்று அன்னக்கொடிக்குத் தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது. "அக்கா, இந்தச் சோலியை நம்பித்தான் எங்க வீட்ல அடுப்பு எரியுது..."

"அவளை ஏன் வையிற? நான்தான் திங்கச் சொன்னேன்," என்றார் சவுகத் அலி. "அவளுக்குத் தெம்பு வேணும்ல."

"அப்ப உங்களுக்கு, மாமா?"

"நான் எடையைக் கொறைக்கிறேன்."

கமர்நிசாவுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த வயசுல மறுபடியும் மாப்பிள்ளையாகப் போறீங்களாக்கும்?"

"மகாராணி இடுப்பை ஒடிச்சது யாரு? நான்தான். பொன்னுமணி இடுப்பையும் நான்தான் ஒடிச்சேன். நம்ம குடோன்ல என் எடைக்கு ஒரு மூட்டை வந்தா, ரெண்டு ஆளு இல்லாம ஒருத்தனும் கை வைக்க மாட்டான். இங்க ஒத்தப் பொம்பள தூக்குது. இவளும் படுத்துட்டா என்ன செய்ய? அதான், மூட்டையை எளைக்க வச்சேன்."

கமர்நிசாவின் குரல் இறங்கிவிட்டது. "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மாமா?"

"ஒத்த ஆளு தூக்க முடியலைன்னு சொன்னேனே. நீதான் 'அதுக்குத்தானே ஆள் வச்சிருக்கு'ன்னு சொன்ன."

அவள் தரையைப் பார்த்தாள். அவர் பிரியாணியைப் பார்த்து எச்சில் விழுங்கினார்.

"நாளையிலேருந்து நீயும் ஒரு பக்கம் கை குடுப்பேன்னா, எனக்கும் ஒரு தட்டு கொண்டா தாயி."